ஒத்தப்பனைவிளைக்காரர்கள் பைனலுக்குப் போன கதை

ஒத்தப்பனைவிளையில் பனை ரெண்டு நிற்கிறது. ஊருக்குப் பெயர் வைத்த காலத்திலும் ரெண்டுதான் நின்றதாம். எண்ணியவருக்கு ஒரு பனை இன்னொரு பனையை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் கொஞ்சம் நகர்ந்து நின்று பார்க்கவில்லை. அந்த ஊரைப் பற்றி இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

நான் பக்கத்து ஊர், தேரிக்கரை. எங்கள் ஊர்க்காரர்கள் புத்திசாலிகள். இதை நாங்களே சொல்வது கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு யாரும் சொல்ல முன்வராததால் நாங்களே சொல்லிக்கொள்கிறோம். நான் சொல்லப்போகும் விஷயத்தில் பொறாமை கலந்திருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சல் மட்டும்தான் கலந்திருக்கிறது.

ஒத்தப்பனைவிளைப் பையன்களுக்குப் பந்தாட்டம் நன்றாக வரும். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். காலில் அவர்களுக்கு ஒரு குறையும் கிடையாது. பந்தோடு ஓட ஆரம்பித்தால் யாராலும் பிடிக்க முடியாது. யோசிக்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. மேட்ச் நடக்கும்போது யோசிக்க நேரம் கிடைக்காது என்பதால் ஜெயித்துவிடுவார்கள். மேட்சுக்கு முன்னாலும் பின்னாலும்தான் நேரம் நிறையக் கிடைக்கிறது.

அந்த டீமுக்கு மேனேஜர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி. பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டு முன்னறையில் தேக்கில் செய்த ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. உள்ளே ஒரே ஒரு தட்டு, தட்டுக்கு மேலே ஒரு பல்பு, வேறு எதுவும் கிடையாது. லீக் கப்பு வந்தால் வைப்பதற்காக, கல்யாணமான புதிதில் ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துச் செய்தது. பிள்ளைகள் வந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள், மீசை வளர்த்தார்கள். கப்பு மட்டும் வரவில்லை. அண்ணாச்சி தினமும் சாயங்காலம் அந்தப் பல்பைப் போட்டுவிட்டு, காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எதிரிக்கும் பாவமாக இருக்கும். எனக்கே இருந்திருக்கிறது.

இந்த வருஷம் லீக் ஆரம்பித்த அன்று, அவர் மனைவி ரெத்தினபாய் அக்கா பேச்சை வளர்க்காமல் சொல்லிவிட்டார்.

“இஞ்ச பாருங்க. இந்தத் தடவையும் கப்பு வரலேன்னா, அதுக்குள்ள கோழிய அடை வச்சிருவேன். பல்பு வேற இருக்கு, குஞ்சு நல்லாப் பொரிக்கும்.”

அக்கா சொன்னால் செய்துவிடுவார். அன்றைக்கு அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. தேக்கு அலமாரியில் கோழி உட்கார்ந்திருக்கிற காட்சி கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது.

சுத்துப்பட்டுப் பத்து ஊரும் ஆடுகிற லீக் அது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மேட்ச். எல்லாம் ஆடி முடித்தபோது ஒத்தப்பனைவிளை முதலிடத்தில் நின்றது. நாங்கள் ரெண்டாவது. முதலிடத்தில் இருக்கும் விஷயத்தை யாரும் அவர்களிடம் சொல்லாமல் இருந்ததுதான் அவர்கள் முதலிடத்தில் வந்ததற்குக் காரணம் என்பது என் கருத்து.

முதல் நாலு ஊருக்கு இனிமேல்தான் கப்புக்கான ஆட்டம். அது எப்படி நடக்கும் என்பதை விளக்க, லீக் செயலாளர் ஐசக் சார் ஒத்தப்பனைவிளைக்கே போனார். விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர், அதாவது அன்றுவரை. மணலில் குச்சியால் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்துச் சொன்னார்.

“முதல் ரெண்டு டீம், நீங்களும் தேரிக்கரையும், மோதணும். ஜெயிச்சவன் நேரா பைனலுக்குப் போகணும். தோத்தவனுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூணாவது வந்த வெள்ளமடையும் நாலாவது வந்த பொட்டலூரும் மோதணும். அதுல தோத்தவன் வீட்டுக்குப் போகணும். ஜெயிச்சவன், முதல் மேட்ச்ல தோத்தவன்கூட ஆடணும். அதுலயும் தோத்தவன் வீட்டுக்குப் போகணும், ஜெயிச்சவன் நேரா பைனலுக்குப் போகணும். வெளங்கிச்சா?”

“வெளங்கிச்சு சார்!” என்றார்கள் எல்லாரும். அந்த ஊரில் ஒன்றும் விளங்காதபோதுதான் இவ்வளவு சத்தம் வரும்.

சார் பைக்கை எடுத்துக்கொண்டு போனதும் ஒரு கோழி வந்து பைனலை நன்றாகக் கிளறிவிட்டு, வெள்ளமடையை மிதித்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போனது. கோழியின் கால்தடத்தையும் சார் போட்ட கோடு என்று எண்ணி, பைனல் தொழுவத்தில்தான் நடக்கும்போல என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஞானமுத்து தொண்டையைச் செருமினான்.

ஞானமுத்து நடுவில் நின்று ஆடுகிறவன். பத்தாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். மற்றவர்கள் ஒரு வருஷமே படித்ததால், ஊரிலேயே அதிகம் படித்தவன் என்று அவனுக்குப் பெயர்.

“அண்ணாச்சி, தேரிக்கரைய ஜெயிச்சா நமக்கு என்ன கெடைக்கும்?”

“பைனல்தாம்லே.”

“தோத்தா?”

“இன்னொரு வாய்ப்பு உண்டுன்னாரு. அதுல ஜெயிச்சா பைனலும் உண்டு.”

“அப்போ ஜெயிச்சா ஒண்ணு, தோத்தா ரெண்டு. எது பெருசு?”

கேப்டன் அருளப்பன் விரல் விட்டுப் பார்த்தான். ரெண்டுதான் பெரிதாக வந்தது. அதற்குள் அவனுக்கு வேறொரு கவலை பிறந்தது.

“ஜெயிச்சா அடுத்த ஞாயித்துக்கெழம மேட்சே கெடையாதுல்லா? அப்போ முட்டை?”

மேட்ச் நடக்கிற அன்று ஆளுக்கு ஓர் அவித்த முட்டை கொடுப்பது அண்ணாச்சியின் வழக்கம். ஜெயித்தவனுக்கு முட்டை கிடையாது, தோற்றவனுக்கு உண்டு என்று தெரிந்ததும் டீமே கொதித்துப்போனது.

“ஐசக் சார் நம்ம மேல உள்ள பிரியத்துல நமக்கு வழி காட்டிட்டுப் போயிருக்காருலே,” என்றார் அண்ணாச்சி. “நேரடியாச் சொன்னா மத்த ஊர்க்காரன் கோவப்படுவாம்னு பொடி வச்சுச் சொல்லியிருக்காரு. மக்கா, கப்பு வேணும்னா நாம தோக்கணும். உயிரக் குடுத்துத் தோக்கணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்தப்பனைவிளை கிரவுண்டில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ரெஃப்ரி விசில் ஊதினார். அருளப்பன் பந்தை வாங்கினான், திரும்பினான், மின்னல் வேகத்தில் தன்னுடைய கோலை நோக்கி ஓடினான். எங்கள் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அருளப்பன் அடித்த அடி அப்படி ஓர் அடி. ஆனால் கோலில் நின்றவன் சுயம்பு.

சுயம்பு நல்ல பையன், சொன்னதைக் கேட்பவன். தோற்க வேண்டும் என்று அவனுக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்துவிட்டான்.

“எதுக்குலே பிடிச்ச?” என்று கத்தினான் அருளப்பன்.

“பந்து வந்தா கை தானா போவுது அண்ணே. நான் என்ன செய்ய?”

அதன் பிறகு அவர்கள் எல்லாரும் சேர்ந்து தங்கள் கோலைத் தாக்கினார்கள். வலதுபக்கம் வந்தார்கள், இடதுபக்கம் வந்தார்கள், தலையால் முட்டினார்கள். சுயம்பு ஒருத்தன் அத்தனையையும் தடுத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லு என்றார்கள். நின்றான், நெஞ்சால் தடுத்தான். திரும்பி நில்லு என்றார்கள். முதுகால் தடுத்தான். எங்கள் பையன்கள் முதலில் நின்று பார்த்தார்கள், பிறகு புல்லில் உட்கார்ந்து பார்த்தார்கள், கடைசியில் சுயம்புவுக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

விசில் ஊதப்போகிற நேரம். பொன்னுலிங்கம் அண்ணாச்சி கோட்டுக்கு வெளியே தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். ஞானமுத்துவுக்குச் சட்டென்று யோசனை உதித்தது.

“சுயம்பு, ஒங்க அம்மா கூப்பிடுதாவ!”

“இன்னா வாறேன்,” என்று சுயம்பு கோலை விட்டு இறங்கிப் போனான். அருளப்பன் பந்தை மெல்ல உள்ளே தட்டிவிட்டான்.

அப்போது அவர்கள் போட்ட கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தோற்ற கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள். வெடி போட்டார்கள். ஜெயித்த நாங்கள் சத்தமில்லாமல் வேனில் ஏறி வந்தோம். வரும் வழியில் நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று எங்களுக்கே சந்தேகமாகிவிட்டது.

அடுத்த நாள் வெள்ளமடையும் பொட்டலூரும் ஆடின. பொட்டலூர் தோற்றது. சாயங்காலம் டீக்கடையில் அந்தச் செய்தி வந்ததும் ஞானமுத்து கேட்டான்.

“அவனுவ வீட்டுக்குப் போயிட்டானுவளா?”

யாருக்கும் தெரியவில்லை. தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சார் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் போகாமல் விட்டால் அடுத்த மேட்ச் எப்படி நடக்கும்? அடுத்த மேட்ச் நடக்காவிட்டால் கப்பு எப்படி வரும்? அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டுப் பையன்களோடு பொட்டலூருக்குக் கிளம்பினார்.

வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். பாதிப் பேர் வீட்டில் இல்லை. ஒருத்தன் சினிமாவுக்குப் போயிருந்தான். அவனைக் கொட்டகையிலிருந்து கையோடு கூட்டி வந்தார்கள். ஒருத்தன் மாமியார் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்திருந்தான். “இது ஒன் வீடு இல்லல்லா?” என்று இலையோடு அவனைத் தூக்கினார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் திருநெல்வேலியில் அல்வாக் கடையில் வேலை பார்க்கிறவன், பஸ் ஏறப்போனான். அவனையும் விடவில்லை. எல்லாரையும் அவரவர் வீட்டுக்குள் விட்டு, வெளியே நாதாங்கியைப் போட்டபிறகுதான் அண்ணாச்சிக்கு மூச்சே வந்தது.

“நாம சட்டத்த மதிச்சாத்தான் கப்பு நம்மள மதிக்கும்,” என்றார்.

பொட்டலூர்க்காரர்கள் பின்கட்டு வழியாக வெளியே வந்தது அவர்களுக்குத் தெரியாது. தோற்ற ஆத்திரத்தில் இருந்தவர்களுக்கு இதுவும் சேர்ந்துகொள்ள, அந்த ஊரில் இன்றும் ஒத்தப்பனைவிளை என்றால் சொம்பில் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு வெள்ளமடையோடு மேட்ச். முட்டை தின்று முடித்ததும் அண்ணாச்சி ஐசக் சாரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு குடுத்தியள்ளா, அத இன்னைக்கு எடுக்காண்டாம்னு பாக்கோம். ஒங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும். பைனலுக்குத் தேவப்படும்.”

“அத வச்சிருக்கல்லாம் முடியாது வே. இன்னைக்கு ஆடலேன்னா போச்சு.”

“கெட்டுப் போயிருமா சார்?”

சார் அவரையே உற்றுப் பார்த்தார். வெயில் வேறு மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

“ஆமா, கெட்டுப் போயிரும். போய் ஆடுங்கவே!”

அண்ணாச்சி ஓடிவந்து பையன்களிடம் விஷயத்தைச் சொன்னார். வாய்ப்பு கெட்டுப்போவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் அவர்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, வெள்ளமடைக்காரர்கள் பந்தைத் தொட்டதே நடுவில் வைத்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும்போதுதான். அப்படித் திரும்பத் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது.

ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்தவன் நேராகப் பைனலுக்குப் போக வேண்டும். பைனல் அடுத்த ஞாயிறு, எல்லா ஊருக்கும் பொதுவான சந்தைத் திடலில். அவர்கள் உடனே கிளம்பிவிட்டார்கள், நேராக.

சாலை வளைந்து போகிறது என்பதால் சாலையை விட்டுவிட்டார்கள். வாழைத்தோப்புக்குள் புகுந்தார்கள். குளத்தில் இறங்கி, நீந்தத் தெரியாதவர்களைப் பந்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கரையேறினார்கள். குறுக்கே ஒரு கல்யாண மண்டபம் வந்தது. முன்வாசலில் நுழைந்து, மணமேடை வழியாக, மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சமையல்கட்டுப் பக்கம் வெளியேறினார்கள். சுயம்பு மட்டும் பந்தியில் உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தது பெரும்பாடாகிவிட்டது.

இப்படியாகப் பைனலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே சந்தைத் திடலுக்கு வந்துசேர்ந்து, நடுவில் உட்கார்ந்தார்கள். வீட்டுப் பெண்கள் தினமும் சோற்றுத்தூக்கோடு பஸ் ஏறி வந்தார்கள். ரெத்தினபாய் அக்காவின் கோபம் தூக்கில் இருந்த குழம்பிலேயே தெரிந்தது என்று அருளப்பன் பிறகு சொன்னான். அவர்களுக்கோ வேறு கவலை.

“தேரிக்கரைக்காரனுவ நமக்கு முன்னாலேயே ஜெயிச்சானுவ. நேரா பைனலுக்குப் போவச் சொன்னாவ. இன்னும் வந்து சேரலியே,” என்றான் ஞானமுத்து. “எங்க வழி தெரியாம சுத்துதானுவளோ, பாவம்.”

நாங்கள் வீட்டில் இருந்தோம். எங்கள் கோச் பெரிய மூளைக்காரர். இரவு பகலாக யோசித்து ஒரு திட்டம் தீட்டினார்.

“அவனுவ முதல் மேட்ச்ல என்ன செஞ்சானுவ? தன்னோட கோலுக்குள்ள தானே அடிச்சானுவ. இந்த மேட்ச்லயும் அதத்தான் செய்வானுவ. நாம எல்லாரும் அவனுவ கோல்கிட்டயே நின்னு, அந்தச் சுயம்புவ மறிச்சா போதும். கப்பு நமக்குத்தான்.”

ஞாயிற்றுக்கிழமை பைனல். எங்கள் பதினோரு பேரும் போய்ச் சுயம்புவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒத்தப்பனைவிளைக்காரர்களுக்கு அன்றைக்கு யோசிக்கவே நேரமில்லை. பந்து கிடைத்தது, எதிர்ப்பக்கம் பார்த்தார்கள், அங்கே ஈ காக்கை இல்லை. போய்க் கோலைப் போட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் கோச் “அசையாதிய! இது அவனுவ தந்திரம்!” என்று கத்தினார். நாங்கள் அசையவில்லை. அவர்கள் மறுபடி போய் ஒன்று போட்டார்கள். நாங்கள் கடைசிவரை அசையவே இல்லை. எத்தனை கோலில் தோற்றோம் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

ஐசக் சார் கப்பைக் கொடுத்தார். பொன்னுலிங்கம் அண்ணாச்சி வாங்கிய விதத்தைப் பார்த்து எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறந்த குழந்தையை வாங்குவதுபோல ரெண்டு கையிலும் ஏந்தி, வேட்டித் தலைப்பால் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டார். கோழி அவர் கண்ணிலிருந்து மறைந்தது. அலமாரியும் பல்பும் தட்டும் தெரிந்தன. வாடகை வேனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, எங்க போறிய?” என்றான் ஞானமுத்து.

“வீட்டுக்குலே. கப்ப வைக்காண்டாமா?”

“நாம தோத்துட்டமா?”

அண்ணாச்சி நின்றார்.

“தோத்தவன்தான வீட்டுக்குப் போகணும்? அன்னைக்குப் பொட்டலூர்க்காரன இலையோட தூக்கிட்டுப் போய் வீட்டுல அடச்சமே. நமக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமா?”

“ஜெயிச்சவன் எங்க போகணும்னு சார் சொன்னாரு?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“பைனலுக்கு.”

“பைனல் எங்க நடந்துச்சு?”

“இங்கதான்.”

அண்ணாச்சி வேனைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார், மெல்ல வந்து திடலின் நடுவில் உட்கார்ந்தார். பையன்களும் உட்கார்ந்தார்கள். சார் அதற்குள் போய்விட்டிருந்தார். தோற்ற நாங்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் வீட்டுக்குப் போனோம்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுகிற சந்தை அந்தப் புதன்கிழமை கூடியது. வியாபாரிகள் வந்து பார்த்தால் நடுத்திடலில் ஒரு கால்பந்து டீம் கப்போடு உட்கார்ந்திருக்கிறது. எழுந்திருக்கச் சொன்னார்கள். “தோக்காம எந்திரிக்க முடியாது” என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் அவர்களைச் சுற்றிலும் கடை விரித்தார்கள். சுயம்புவின் மடியில் யாரோ பூசணிக்காயை வைத்துவிட்டுப் போனார்கள். அவன் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

வியாபாரிகள் போட்ட சண்டையில் ஐசக் சார் ஓடி வந்தார். அதே நேரத்தில் ரெத்தினபாய் அக்காவும் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினார். அக்கா இந்தத் தடவை சோறு கொண்டுவரவில்லை.

“ஏங்க, வீட்டுக்கு வருவியளா, மாட்டியளா?”

“நான் என்ன செய்யட்டும் ரெத்தினம்? சட்டம் அப்படி இருக்கு. ஜெயிச்சுத் தொலைச்சிட்டோம்.” அண்ணாச்சி கப்பைத் தூக்கிக் காட்டினார். “கப்பு கையில இருக்கு. அலமாரி வீட்டுல இருக்கு. ரெண்டும் சேர மாட்டேங்குதே.”

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

“தோத்தா வருவியதான?”

“வராம?”

“சார், விசில் இருக்கா?”

ஐசக் சார் திடல் காலியானால் போதும் என்ற நிலையில் இருந்தார். மறுபேச்சில்லாமல் விசிலை எடுத்தார். தக்காளிக் கூடைகளைக் கோலாக வைத்தார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். எல்லாரும் குளம் வெட்டுகிற வேலைக்குப் போகிறவர்கள், காலில் வலு உண்டு. அக்கா முதல் உதையிலேயே கோலை நோக்கி அடித்தார். சுயம்பு பூசணிக்காயைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிடித்தான். அருளப்பன் மனைவி அடித்தாள், அதையும் பிடித்தான். இப்படியே கொஞ்ச நேரம் போனது. பிறகு பெண்கள் டீமில் ஓரமாக நின்ற சுயம்புவின் அம்மா முன்னால் வந்தாள்.

“லேய் சுயம்பு, கைய எடுலே.”

சுயம்பு அம்மா சொல்லைத் தட்டாத பையன். கையை எடுத்தான். பந்து உள்ளே போனது. சார் விசிலை ஊதி மேட்சை முடித்தார். கப்பைப் பிடுங்கி ரெத்தினபாய் அக்கா கையில் கொடுத்துவிட்டு, யாரும் ஏதாவது கேட்பதற்குள் பைக்கில் பறந்துவிட்டார்.

“தோத்துட்டோம்லே!” என்று அண்ணாச்சி துள்ளிக் குதித்தார். பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்கள். அக்காவும் கப்போடு கூடவே நடந்தார். அண்ணாச்சி சங்கடத்தோடு நின்றார்.

“ரெத்தினம், நீங்க வர முடியாதே. நீங்க ஜெயிச்சவங்கல்லா?”

அக்கா அவரை அடிக்கப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அக்கா வாயைத் திறந்தார், மூடினார், கொஞ்சம் யோசித்தார்.

“வீட்டுக்கு வரவே கூடாதா?”

“கூடாது.”

“அப்போ நான் சோறு பொங்காண்டாம், அப்படித்தான?”

“வீட்டுக்கே வராம எப்படிப் பொங்குவ?”

“துணி தொவைக்காண்டாம்? கோழிக்குத் தீனி வைக்காண்டாம்?”

“சட்டம் அப்படி. எனக்கும் வருத்தந்தான்.”

அக்கா பெண்கள் பக்கம் திரும்பினார். பெண்கள் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா நேராக, சந்தைக்கு வந்திருந்த ஒரு வேன்காரனிடம் போய், “தம்பி, வண்டி கன்னியாகுமரி போவுமா?” என்றார். கப்போடு பெண்கள் எல்லாரும் ஏறினார்கள். வேன் கிளம்பும்போது உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. சுயம்புவின் அம்மாதான் நன்றாகப் பாடினாளாம்.

ஆண்கள் நடந்தே ஊருக்கு வந்தார்கள். அண்ணாச்சி பல்பைப் போட்டு, காலித் தட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு அடுப்பை மூட்டப் பார்த்தார். கண் எரிந்தது. அதில் புகையால் வந்த கண்ணீர் பாதிதான். மறுநாள் காலை எல்லாரும் பசியோடு டீக்கடையில் கூடினார்கள்.

“அவங்கள நாம ஜெயிச்சா, தோத்தவங்க வீட்டுக்கு வந்துருவாங்க. சோறு கெடைக்கும்,” என்றான் அருளப்பன்.

“நாம திடல்ல கெடப்போம். யாரு திங்கதுக்கு?” என்றான் ஞானமுத்து.

“கப்பு?”

“கப்பு ஜெயிச்சவன்கிட்ட இருக்கும். ஜெயிச்சவன் வீட்டுக்கு வர முடியாது. வீட்டுக்கு வாறவன்கிட்ட கப்பு இருக்காது.”

அண்ணாச்சி தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு டீ ஆறி, இன்னொரு டீயும் ஆறிய பிறகு ஞானமுத்து மெல்ல நிமிர்ந்தான். அவன் முகத்தில் பத்தாம் வகுப்பை மூன்று வருஷம் படித்த களை தெரிந்தது.

“அண்ணாச்சி. ரெண்டு டீமும் தோத்துட்டா?”

அண்ணாச்சி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார்.

“ரெண்டு டீமும் தோத்துட்டா எல்லாரும் வீட்டுக்கு வரலாம். கப்பு ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல. அது நம்மகூட வந்தா யாரு கேக்கப் போறா?”

அண்ணாச்சி அவனைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அப்படி ஒரு மேட்ச் ஆடுவது லேசில்லை, நன்றாகப் பழக வேண்டும் என்று அன்றே முடிவானது. கன்னியாகுமரிக்குத் தகவல் சொல்லி அனுப்பினார்கள். “அவசரமே இல்ல, நல்லாப் பழகுங்க” என்று அக்கா பதில் சொல்லியிருக்கிறார்.

நேற்று அந்த வழியாகப் போனேன். பாதிப் பேர் சட்டை போட்டும் பாதிப் பேர் சட்டை போடாமலும் ரெண்டு டீமாகப் பிரிந்து, அவரவர் கோலுக்குள் அவரவரே மூச்சு வாங்க அடித்துக்கொண்டிருந்தார்கள். வேர்வை வழிய நின்ற பொன்னுலிங்கம் அண்ணாச்சியிடம், எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“நல்லாப் போவுது தம்பி,” என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. “ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. இன்னும் ஒரே ஒரு கோல் விழுந்தாப் போதும், ரெண்டு டீமும் தோத்துரும்.”